ஹைதராபாதில் அவசரம் என்றால் வேறு

காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வரத்தான் என்னை ஹைதராபாதுக்கு அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் காப்பகத்தில், புருஷனிடம் அடிபட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இருபது வருஷமாக என் வேலை. இத்தனை நாளும் மூக்காலா கேட்டேன் என்று எங்கள் செயலாளரிடம் கேட்டேன். "புதுச் சட்டம் வந்திருக்கு மேடம், புது முறையெல்லாம் சொல்லித் தாராங்க, போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார். அந்த வாரம் அவர் மனைவி ஊரில் இல்லை, அதனால் அவருக்கு எல்லாமே நல்ல யோசனையாகத் தெரிந்தது.

செகந்திராபாத்தில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்து, இது மதராஸி, இதற்கு வழி தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் பத்து வார்த்தை. அதில் நான்கு திட்டுவதற்கு. மீதி ஆறை வைத்துக்கொண்டு மாதாப்பூர் போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்க மேம்பாலம் கட்டுகிறார்கள். எந்தப் பாலமும் எதோடும் இன்னும் சேரவில்லை. ஊரைத் தாண்டியதும் பாறைக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அட்டை தொங்க ஓடுகிற பிள்ளைகள். அந்த வெயிலில் கண்ணாடியில் வீடு கட்டுகிற மூளையை என்னவென்று சொல்ல.

பயிற்சி ஒரு ஓட்டலின் நிலவறை ஹாலில். ஏசி எலும்புக்குள் போனது. காலை டிபனுக்கு இட்லி. தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி. அதைக்கூட மன்னிப்பேன். சாம்பார் என்ற பெயரில் தித்திப்பாக ஒன்றை ஊற்றினார்களே, அதை மன்னிக்க மாட்டேன். மதியம் கோங்குரா, நம் புளிச்சக்கீரைதான். அது மட்டும் நாக்கைச் சுண்டியது, இரண்டு தரம் வாங்கினேன்.

பயிற்சியாளர் டெல்லிக்காரம்மா. ரித்திகா என்று பெயர், கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு. ஆளுக்கொரு பலூன் கொடுத்து, அதில் நம் பயத்தை ஊதி நிரப்பச் சொன்னார். நாற்பது பொம்பளைகள் புஸ்ஸு புஸ்ஸு என்று ஊதிக்கொண்டிருந்தோம். பிறகு ஜோடி ஜோடியாக நடித்துக் காட்ட வேண்டும். நான் அடிபட்டு வந்தவள். என் எதிரே விஜயவாடாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் ஆலோசகர். நான் சொல்வதையே அவள் கண்ணாடி மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டுமாம்.

"அவர் என்னைச் சுவரில் மோதிட்டார்" என்றேன்.

"ஆக, சுவரில் மோதப்பட்டதாக நீங்கள் உணர்கிறீர்கள்" என்றாள்.

"உணரலைம்மா, மண்டை உடைஞ்சிருக்கு."

"மண்டை உடைந்தது உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது."

நான் சிரித்துவிட்டேன். ரித்திகா அம்மா என்னைப் பார்த்து, சிரிப்பு என்பது எதிர்ப்பின் ஒரு வடிவம் என்று எல்லோருக்கும் விளக்கினார். அட, ஆண்டவா.

எங்கள் காப்பகத்தில் வந்த அன்றைக்கு யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். குளிக்கச் சொல்வோம். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து எப்படிப் போடுவது என்று காட்டுவோம். அதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வராதவர்கள் இருக்கிறார்கள். கதவைத் தட்ட மாட்டோம். அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். கதை எல்லாம் மூன்றாம் நாள், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அவளாகச் சொன்னால்தான். இதைச் சொல்லலாம் என்று கை தூக்கினேன். "அருமையான பகிர்வு, அதை இந்தச் சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள்" என்றார். ஒட்டினேன். பிசின் காய்ந்து சாயங்காலமே விழுந்துவிட்டது.

இரண்டாம் நாள் மல்காஜ்கிரியில் ஒரு காப்பகத்தைப் பார்க்கக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நான் இரானி டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த உப்புப் போட்ட பிஸ்கட்டும் சேர்ந்தால் இன்னொரு கப் கேட்கத்தான் தோன்றும். திரும்பி வந்தால் வேன் போய்விட்டது. நாற்பது பேரை எண்ணிப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் மற்றவர் மனசை அளக்க வந்திருக்கிறார்கள்.

ஆட்டோ பிடித்தேன். விலாசம் எழுதிய காகிதத்தைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து மல்லாபூர் என்று சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து இறக்கிவிட்டால் சுற்றிலும் தொழிற்சாலைச் சுவர், ஷிப்டு முடிந்து வருகிற கூட்டம். காப்பகம் எங்கே என்று கேட்டதற்கு டிபன் டப்பாவோடு வந்த ஒரு அம்மா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நக்கோ, நக்கோ, இங்கே இல்லை, இது மல்காஜ்கிரி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டோக்காரரிடம் நான் பாய்ந்தேன். "கைக்கு, ஏன் கத்துறீங்க அம்மா? நீங்க சொன்ன இடத்துக்குத்தானே வந்தேன்?" என்று அவர் அரைகுறைத் தமிழில் கேட்டது நியாயம்தான். ஆனாலும் திரும்பிப் போகிற வழியெல்லாம் அவரிடம் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நம் கூட்டம் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, சமோசா தின்றுவிட்டுக் கிளம்பியிருந்தது. ஆலோசகர் ஸ்வாதி மட்டும் இருந்தாள். இருபத்தாறு வயசு இருக்கும், சமூகப்பணியில் பட்டம், துறுதுறுவென்ற முகம். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினாள். எனக்காக மிச்சம் வைத்திருந்த ஒரு சமோசாவை எடுத்துக் கொடுத்தாள். அதனால் அவளைத் திட்ட வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

"மேடம், உங்க தமிழ்ப் பெண் ஒருத்தி இங்கே இருக்கா. கோமதி. ஏழு வயசுப் பொண்ணோட வந்தா. ரொம்ப அமைதி, எதுவுமே தேவையில்லைன்னுட்டா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறோம்" என்றாள்.

பதிவேட்டைப் பெருமையாகக் காட்டினாள். ஆங்கிலத்தில், அடித்துத் திருத்தாத, பளிச்சென்ற கையெழுத்து. போலீஸ் புகார்: தேவையில்லை என்றார். டாக்டர்: தேவையில்லை என்றார். பாதுகாப்பு உத்தரவு: தேவையில்லை என்றார். கீழே, கணவர் இரண்டு முறை கூட்டு ஆலோசனைக்கு வந்தார், தாய்மொழியில் கனிவாகப் பேசுகிறார், மனைவி நெகிழ்ந்து அழுதார். மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில்: கணவர்.

சமோசாவைக் கீழே வைத்தேன். "ஏம்மா, அடிச்சவனையே மொழிபெயர்க்க வச்சியா?" என்று கேட்டேன்.

"அவருக்கு நல்லா தெலுங்கு வரும் மேடம்" என்றாள்.

அவருக்கு நன்றாகத் தெலுங்கு வருமாம்! ரயில்வே, ராணுவம், சாஃப்ட்வேர் என்று தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற ஊர் இது. வரும்போதே இரண்டு வாசலில் தமிழில் சண்டை கேட்டது. அங்கே போய் மொழிபெயர்க்க ஒரு பொம்பளையைக் கூப்பிட ஆளில்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் கோமதி. ஒல்லி, இடது காதில் பஞ்சு. நான் "எந்த ஊரும்மா?" என்றதும் கையிலிருந்த பாவாடையைக் கீழே போட்டுவிட்டாள். "சங்கரன்கோவிலுக்கா. நீங்க நம்ம பக்கமா?" என்று கையைப் பிடித்தவள், பத்து நிமிஷம் விடவே இல்லை. இரண்டு வாரமாகப் பேசாத பேச்செல்லாம் வந்தது. புருஷன் மாதாப்பூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். காதில் அறைந்ததில் உள்ளே எந்நேரமும் இரைகிறது. அவளுக்குத் தெரிந்த தெலுங்கு காய்கறி வண்டிக்காரரிடம் பேசுகிற அளவுதான்.

"டாக்டர் வேண்டாம்னு ஏன் சொன்ன?"

"நான் எங்கக்கா வேண்டாம்னேன்? அன்னைக்குக் கைப்புள்ளைக்காரி ஒருத்தி காய்ச்சலோட இருந்தா. முதல்ல அவளைக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு அவசரமில்லன்னேன். அப்ப அவரு கூட இல்ல, எனக்குத் தெரிஞ்ச தெலுங்குல அவசரம் லேதுன்னு நானேதான் சொன்னேன்."

"போலீஸ்?"

"அப்ப பாப்பாவுக்குப் பரீட்சை. முடியட்டும், அவசரமில்லன்னேன்."

"கோர்ட்டு உத்தரவு?"

"எங்கண்ணன் ஞாயித்துக்கிழமை வாரான், அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன், அவசரமில்லன்னேன். ஏங்க்கா, தப்பா?"

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். ஸ்வாதியிடம் போய், "தெலுங்கில் அவசரம் என்றால் என்ன?" என்று கேட்டேன்.

"தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. ஏன்?"

"தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் வேண்டும் என்று அர்த்தம். அவள் தேவையில்லை என்று சொல்லவே இல்லை. மெதுவாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறாள்."

"தொந்தர லேது என்றா?"

"தொந்தரவு இல்லாமலா அடிபட்டு வந்தாள்?" என்று நான் கத்த, தெலுங்கில் தொந்தர என்றாலே அவசரம்தான் என்று அவள் பதிலுக்குக் கத்த, சமையல்கார அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் திரும்பக் கொல்லக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். ஸ்வாதி பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கூட்டு ஆலோசனை என்ற பேச்சையே எடுக்காதே என்று அவளிடம் சொன்னேன். சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தக் கூத்தை அடித்தவள்தான். புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்து, காபி கொடுத்து, கை சேர்த்து அனுப்பி, சமாதானமாகப் போனார்கள் என்று எழுதினேன். ஒரே மாசத்தில் மணிக்கட்டு முறிந்து வந்தாள். "நீங்கதானக்கா காபி குடுத்து அனுப்பினீங்க" என்றாள். பலூன் ஊதினால் போகிற விஷயமா அது. அன்றிலிருந்து அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே அறையில் நான் உட்காரவைத்ததில்லை.

ஆனால் கோமதியே ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஒரு தடவை அவரு வரட்டும்க்கா. நீங்க தமிழ்னு காட்டிக்கிடாம கூட இருங்க. அவரு என்கிட்ட என்ன பேசுதாருன்னு இந்த மேடம் காதால கேக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டாவ" என்றாள். "முடியுமா உன்னால?" என்றேன். "ரெண்டு தடவை முடிஞ்சிருக்கு. இந்த தடவை நீங்க இருக்கியளே" என்றாள். பயிற்சியின் கடைசி நாள் அது, சான்றிதழ் கொடுக்கிற நாள். ரித்திகா அம்மாவுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். மற்றவர்களைக் காப்பாற்றத் துடிப்பது நம் சொந்தக் காயத்தைக் காட்டுகிறது என்றார். சரிம்மா, நன்றாக இருங்கள் என்று வைத்துவிட்டேன்.

கோமதியின் புருஷன் சுரேஷ் மறுநாள் பதினோரு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் செல்போன், கழுத்தில் கம்பெனி அட்டை. ஸ்வாதிக்கு ஒரு பெட்டி பிஸ்கட், பிள்ளைகளுக்குச் சாக்லேட். என்னை டெல்லியிலிருந்து வந்த பார்வையாளர் என்று ஸ்வாதி சொன்னாள். எனக்கு ஒரு குட்மார்னிங் வைத்தான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் எங்கள் தெருவே கொண்டாடும். அன்று பள்ளிக்கு அனுப்பாமல், பாப்பாவைச் சமையல்கார அம்மா பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

முன்பே என்னிடம் சொல்லிவைத்திருந்த கேள்வியை ஸ்வாதி தெலுங்கில் கேட்டாள்: வீடு அமைதியாக இருக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? அவன் கோமதி பக்கம் நாற்காலியை நகர்த்தினான். குழந்தைக்குக் கதை சொல்கிற குரல். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சிரிச்ச முகமா தலையை ஆட்டு கோமு. ஒரு காது போயிருக்கு, இன்னொண்ணு இருக்குல்லா, அதை வீட்டுக்கு வந்து பாத்துக்கிடலாம். இன்னைக்கு நீ வரலைன்னா நாளைக்குப் பாப்பா ஸ்கூல்ல இருந்து வேற எங்கேயாவதுதான் போவா. ஆட்டு தலையை. ம், ஆட்டு."

ஒரு வார்த்தையில் குரல் உயரவில்லை. நோட்டில் பேனா ஓடவில்லை. ஸ்வாதி வழக்கம்போலக் கேட்டாள், என்ன சொன்னீர்கள் என்று.

"நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்குன்னு சொன்னேன் மேடம்" என்றான் தெலுங்கில். இதற்கு எனக்குத் தெலுங்கு தெரிய வேண்டியதே இல்லை. அந்த இழுவையே சொல்லிவிட்டது, வார்த்தையை ஸ்வாதி பிறகு சொன்னாள்.

"தம்பி," என்றேன் தமிழில், "அந்த இன்னொரு காதைப் பத்திச் சொன்னீங்களே, அது எனக்குச் சரியா விழலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒருவன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுவதை அன்றுதான் பார்த்தேன். ஆங்கிலத்தில் குளறினான், குடும்ப விஷயம் என்றான், நீ யார் என்றான். நான் அவனைப் பார்க்காமல், அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஸ்வாதிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். வலிக்கிற வார்த்தையை மழுப்பக் கூடாது. மொழிபெயர்ப்பில் அது ஒன்றுதான் விதி.

ஸ்வாதி எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். அவன் போன பிறகு கோமதியிடம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, தமிழும் தெலுங்கும் இல்லாத ஏதோ ஒன்றில், "கம்ப்ளைண்ட்... அவசரமா?" என்றாள்.

கோமதி சிரித்தே விட்டாள். "ஆமா மேடம். உங்க அவசரமும்தான், எங்க அவசரமும்தான்" என்றாள். பிறகுதான் அழுதாள். அன்றைக்கே காது டாக்டரையும் பார்த்தோம், போலீசுக்கும் போனோம். அங்கே எங்களை உட்காரவைத்த பெஞ்சையும், எழுத்தர் கேட்ட கேள்வியையும் பற்றி எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும். புகாரை வாங்கிக்கொண்டார்கள். பாப்பாவின் பள்ளிக்கும் ஸ்வாதியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் சாயங்காலம் காப்பகத்திலேயே ரயிலுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்வாதி இன்னொரு பதிவேட்டோடு வந்து நின்றாள். பளிச்சென்ற அதே கையெழுத்து.

"கோமதிக்கு முன்னால ஒரு தமிழம்மா வந்தாங்க மேடம். பேரு மேரி. அவங்களும் அவசரம் லேதுன்னு சொன்னாங்க. நான்தான் அனுப்பி வச்சேன்" என்றாள்.

திட்ட நிறைய இருந்தது. திட்டவில்லை. காப்பகத்து எண் மேரி வீட்டில் தெரிந்திருக்கும். அதனால் தெருமுனைக் கடையில் தொங்கிய சிவப்புக் காயின் பாக்ஸ் போனுக்குப் போனோம். இந்த மாதிரி வீட்டுக்குப் போன் செய்தால் நாங்கள் ஊரில் எப்போதும் தையல் கடையாகத்தான் பேசுவோம். எந்தப் புருஷனுக்கும் பெண்டாட்டியின் பிளவுஸ் கணக்கு தெரியாது.

ஆண் குரல்தான் எடுத்தது. "டெய்லர் கடை சார், மேடத்தோட பிளவுஸ் ரெடியா இருக்கு" என்றேன். "ஏ, உனக்குத்தான்" என்று போனை எங்கோ வைக்கிற சத்தம். டிவி ஓடியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு மெல்லிய குரல், "யாரு? நான் எதுவும் தைக்கக் குடுக்கலையே" என்றது.

"மல்காஜ்கிரியில குடுத்தீங்களேம்மா, ஸ்வாதி மேடம் கடையில. அன்னைக்கு நீங்க சொன்ன அளவை நாங்கதான் தப்பா எழுதிக்கிட்டோம். தப்பு எங்க மேலதான். நீங்க வந்தா மறுபடி எடுத்துக்கிடுதோம்."

டிவி மட்டும் கேட்டது. ஸ்வாதி என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரிசீவரில் காதை ஒட்டி நின்றாள். போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சரி," என்றது அந்தக் குரல், கொஞ்சம் சத்தமாக, அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி. "எத்தனை மணி வரைக்கும் கடை திறந்திருக்கும்?"